சூடான மாம்பழ இனிப்புக்குப் பெங்களூரா போதும்

சூடான மாம்பழ இனிப்புக்கு விலை கூடிய பழம் வேண்டாம். கிருஷ்ணகிரி பக்கம் சீசனில் மலிவாகக் கிடைக்கும் பெங்களூரா போதும், அதுவும் அழுத்தினால் லேசாக அமுங்கும் பதத்தில். விரல் கனத்துக்கு நறுக்கி, ஒரு ஸ்பூன் நெய்யில் ஓரம் சிவக்கும்வரை புரட்டுங்கள். நாட்டுச் சர்க்கரை இரண்டு ஸ்பூன், அப்புறம்தான். முதலிலேயே போட்டால் பழம் நீர்விட்டுக் குழைந்துவிடும். கடைசியில் போட்டால் பாகாகித் துண்டின்மேல் பளபளவென்று ஒட்டும். பெங்களூராவுக்குச் சதை கெட்டி, கொஞ்சம் புளிப்பும் உண்டு; அதனால் சூட்டையும் தாங்கும், இனிப்பும் திகட்டாது. அந்தப் புளிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நன்றாகக் கனிந்த மல்கோவா, செந்தூராவுக்கு இது ஒத்துவராது, கூழாகிவிடும். அவற்றை அப்படியே நறுக்கிச் சாப்பிடுங்கள். பெங்களூரா இனிப்பின்மேல் சூட்டோடு பால் மட்டும் ஊற்றாதீர்கள், திரிந்துபோகும்.