ஜெர்மனியில் அமைச்சர் என்பவர் யார்? புதிதாக வந்தவர்களுக்கு

ஒருங்கிணைப்பு வகுப்பின் முடிவில் எழுதும் ‘லேபன் இன் டொய்ச்லாந்து’ (ஜெர்மனியில் வாழ்க்கை) தேர்வுக்குப் படிக்கத் தொடங்கியிருப்பீர்கள், அல்லது சீக்கிரம் தொடங்குவீர்கள். மொத்தம் 33 கேள்விகள், அதில் 3 நீங்கள் வசிக்கும் மாநிலத்தைப் பற்றியவை. மாநிலக் கேள்விகளில் ஒன்று இப்படி இருக்கும்: இந்த மாநிலத்தில் இல்லாத அமைச்சர் யார்? விடை, வெளியுறவு அமைச்சர். எல்லோரும் மனப்பாடம் செய்து சரியாகக் குறித்துவிடுவோம். அந்தக் கேள்வியின் உள்ளர்த்தம் எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

வந்த புதிதில் என் மனைவியின் வதிவிட அனுமதியை நீட்டிக்க விண்ணப்பித்தோம். மாதக்கணக்கில் பதிலே இல்லை. ஊரில் என்றால் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நிற்போம், திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாளில் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போவோம். அந்தப் பழக்கத்தில் மாநில அமைச்சர் ஒருவருக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். சில வாரங்கள் கழித்து மரியாதையாக ஒரு பதில் வந்தது: தனிப்பட்ட கோப்புகளில் அமைச்சர் தலையிடுவதில்லை, உரிய அலுவலகத்தை அணுகவும். அன்று அழுகையே வந்துவிட்டது. இன்று யோசித்தால் அந்தப் பதில் நியாயமாகத்தான் படுகிறது. என் கோப்பை ஒரு கடிதம் மேலே தூக்கியிருந்தால், எனக்கு முன்னால் காத்திருந்த யாரோ ஒருவர் கீழே போயிருப்பார்.

சரி, அமைச்சரின் வேலைதான் என்ன?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் செய்திகளில் ஜெர்மன் சான்சலரை ‘அதிபர்’ என்று போடுவார்கள். இங்கே குடியரசுத் தலைவர் தனி, சான்சலர் தனி. ஆட்சி நடத்துபவர் சான்சலர். அமைச்சர்களை அவர் முன்மொழிய, குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். இதுவும் தேர்வில் வரும் கேள்விதான். அமைச்சராக நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2023 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சரான போரிஸ் பிஸ்டோரியஸ் அப்போது புண்டஸ்டாக் (மத்திய நாடாளுமன்றம்) உறுப்பினர் அல்ல. கீழ் சாக்சனி மாநிலத்தின் உள்துறை அமைச்சராக இருந்து நேராக வந்தார்.

ஜெர்மனியின் அரசியல் சாசனமான 1949-இன் அடிப்படைச் சட்டத்தில் 65-ஆவது பிரிவுதான் இதன் சாவி. கொள்கையின் திசையைச் சான்சலர் தீர்மானிப்பார். அந்தத் திசைக்குள் ஒவ்வொரு அமைச்சரும் தன் துறையைத் தன் பொறுப்பில் நடத்துவார். அமைச்சர்களுக்குள் கருத்து வேறுபட்டால் அமைச்சரவை கூடி முடிவெடுக்கும். தொலைக்காட்சியில் இரண்டு அமைச்சர்கள் பகிரங்கமாகச் சண்டை போடுவதைப் பார்த்து ஆட்சி கவிழப்போகிறது என்று பயப்பட வேண்டாம். கூட்டணி ஆட்சியில் அது அன்றாடக் காட்சி. 2022 அக்டோபரில் அணுமின் நிலையங்களை மூடுவது பற்றி பொருளாதார அமைச்சர் ஹாபெக்குக்கும் நிதி அமைச்சர் லிண்ட்னருக்கும் ஒத்துப்போகவில்லை. சான்சலர் ஷோல்ஸ் தன் அதிகாரத்தைப் பயன்படுத்தி, மூன்று நிலையங்களும் 2023 ஏப்ரல் 15 வரை ஓடும் என்று எழுத்து மூலம் முடித்துவைத்தார். அதே லிண்ட்னரை 2024 நவம்பர் 6 அன்று அவர் பதவியிலிருந்து நீக்கியபோதுதான் கூட்டணி உடைந்து, 2025 பிப்ரவரியில் தேர்தல் வந்தது.

புண்டஸ்டாக் ஓர் அமைச்சரைத் தனியாக வாக்கெடுத்து வீட்டுக்கு அனுப்ப முடியாது. சான்சலரை மாற்றலாம், அதுவும் அடுத்தவரை அதே வாக்கெடுப்பில் தேர்ந்தெடுத்தால்தான். அப்படி ஒரே ஒரு முறை, 1982-இல், ஷ்மிட் போய் கோல் வந்தார். ஆனாலும் அமைச்சர்கள் அடிக்கடி தாங்களாகவே விலகுகிறார்கள். முனைவர் பட்ட ஆய்வேட்டில் பிறர் எழுத்தை எடுத்தாண்ட விவகாரத்தில் 2011-இல் குட்டன்பெர்க் போனார். 2013-இல் ஷாவான் போனார், அவர் கல்வி அமைச்சர். 2021-இல் கிஃபாய். ஆய்வேட்டின் அடிக்குறிப்புக்காக அமைச்சர் பதவி போகுமா என்று வந்த புதிதில் வியந்திருக்கிறேன். இந்த ஊரில் எனக்குப் பிடித்த விஷயங்களில் இதுவும் ஒன்று.

உங்கள் காரியம் எந்தத் தளத்தில்?

ஜெர்மனியில் 16 மாநிலங்கள். ‘மினிஸ்டர்பிரெசிடென்ட்’ என்றால் பிரதமர் இல்லை, நம் கணக்கில் முதலமைச்சர். பெர்லின், ஹம்பர்க், பிரேமன் நகர மாநிலங்களில் அமைச்சரை ‘செனட்டர்’ என்பார்கள். வெளியுறவு மத்திய அரசின் பொறுப்பு, அந்தத் தேர்வுக் கேள்வியின் உள்ளர்த்தம் இதுதான். பள்ளிக்கூடமும் போலீசும் மாநிலத்தின் பொறுப்பு. அதனால்தான் பக்கத்து மாநிலத்தில் இருக்கும் அண்ணன் பிள்ளைகளுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் கோடை விடுமுறை ஒரே நாளில் தொடங்குவதில்லை. வதிவிடச் சட்டத்தை எழுதுவது மத்திய அரசு. ஆனால் அதை வைத்து உங்கள் கோப்பில் கையெழுத்துப் போடுவது உங்கள் நகரம் அல்லது மாவட்டத்தின் அவுஸ்லெண்டர்பெஹோர்டே, அதாவது வெளிநாட்டவர் அலுவலகம். பெர்லினில் இருக்கும் உள்துறை அமைச்சருக்கு உங்கள் கோப்பு எண் தெரியாது.

மாநில அமைச்சர்கள் மத்தியச் சட்டத்தையும் தொடுகிறார்கள். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. மேலவையான புண்டஸ்ராட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் நம் மாநிலங்களவை மாதிரி தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை. மாநில அரசுகளின் முதலமைச்சர்களும் அமைச்சர்களும்தான் அங்கே வாக்களிக்கிறார்கள், ஒரு மாநிலத்தின் வாக்குகள் அத்தனையும் ஒரே பக்கமாக விழ வேண்டும். 2002 மார்ச் 22 அன்று குடியேற்றச் சட்டம் அங்கே வந்தது. பிராண்டன்பர்க் மாநிலத்தை அழைத்தபோது ஓர் அமைச்சர் ‘ஆம்’ என்றார், உள்துறை அமைச்சர் ஷோன்போம் ‘இல்லை’ என்றார். அவைத் தலைவர் வோவரைட் முதலமைச்சர் ஷ்டோல்பவிடம் மறுபடி கேட்டு, ‘ஆம்’ என்றே கணக்கில் எடுத்தார். அவையில் பெரும் கூச்சல். அந்த ஆண்டு டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் சட்டமே செல்லாது என்றது. திருத்தி எழுதிய சட்டம் 2005 ஜனவரி 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் கையில் இருக்கும் வதிவிட அனுமதியும், நீங்கள் போகும் ஒருங்கிணைப்பு வகுப்பும் அந்தச் சட்டத்தில் பிறந்தவை. உங்கள் மாநிலத் தேர்தல் செய்தியைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள்.

‘அமைச்சர் சொல்லிவிட்டார்’

வாட்ஸ்அப் குழுக்களில் இந்த வரி வந்தாலே எனக்குப் பதற்றம். அமைச்சர் பேட்டியில் சொல்வது சட்டம் ஆகாது. முதலில் அமைச்சகத்தின் வரைவு, பிறகு அமைச்சரவை (வழக்கமாகப் புதன்கிழமை காலை), பிறகு புண்டஸ்டாக், புண்டஸ்ராட், குடியரசுத் தலைவரின் கையெழுத்து, கடைசியாக அரசிதழ். அது 2023 முதல் இணையத்தில் இலவசமாகவே வருகிறது. 2024 ஜூன் 27 முதல் ஐந்து ஆண்டில் குடியுரிமையும் இரட்டைக் குடியுரிமையும் ஜெர்மன் சட்டத்தில் வந்தன. சிறப்பாக ஒருங்கிணைந்தவர்களுக்கு மூன்று ஆண்டு வழியும் இருந்தது. அடுத்து வந்த அரசு அந்த மூன்று ஆண்டு வழியை 2025 அக்டோபரில் நீக்கியது. இடைப்பட்ட மாதங்களில் வதந்தியை நம்பி அவசரப்பட்டவர்களும் உண்டு, தயங்கி நின்றவர்களும் உண்டு. (இந்திய நண்பர்களுக்கு: இரட்டைக் குடியுரிமையை ஜெர்மனி அனுமதித்தாலும் இந்தியச் சட்டம் அனுமதிக்காது.)

கோப்பு நகரவில்லை என்றால்

அனுமதி காலாவதியாகும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள், ‘ஃபிக்சியோன்ஸ்பெஷைனிகுங்’ என்ற இடைக்காலச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். மறுப்புக் கடிதம் வந்தால் கடைசிப் பத்தியைப் படியுங்கள். எங்கே, எத்தனை நாளில் மேல்முறையீடு என்று அங்கே இருக்கும், பெரும்பாலும் ஒரு மாதம். தக்க காரணமில்லாமல் மூன்று மாதம் பதிலே இல்லை என்றால், நிர்வாக நீதிமன்றத்தில் செயலின்மைக்கு எதிராக வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு முன் காரித்தாஸ், டியாகோனி, ஆவோ ஆகிய தொண்டு அமைப்புகளின் இலவசக் குடியேற்ற ஆலோசனைக்குப் போய்வாருங்கள். நாங்கள் கடைசியில் போனதும் அப்படி ஓர் ஆலோசகரிடம்தான். அவர் எழுதித் தந்த அரைப் பக்கக் கடிதம் என் மூன்று பக்கத்தைவிட வேலை செய்தது.

அடிப்படைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு எல்லோருக்கும் மனுச் செய்யும் உரிமையைத் தருகிறது, குடியுரிமை இல்லாத நமக்கும். மத்திய விஷயம் என்றால் புண்டஸ்டாக்கின் மனுக் குழு, மாநில விஷயம் என்றால் மாநிலச் சட்டமன்றத்தின் மனுக் குழு. உங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தில் மக்களைச் சந்திக்கும் நேரம் இருக்கும். வாக்கு இல்லாதவர் என்று தயங்காமல் போங்கள். எங்கே போனாலும் நன்றிக்காகக்கூட இனிப்புப் பெட்டியோ பட்டுச் சால்வையோ கொண்டுபோக வேண்டாம். அன்பாகக் கொடுப்பது அந்த அதிகாரியின் வேலைக்கே வினையாக முடியலாம்.

அப்புறம் ஒன்று. கோடையில், பெரும்பாலும் ஆகஸ்டில் ஒரு வார இறுதியில், பெர்லினில் சான்சலர் அலுவலகமும் அமைச்சகங்களும் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுகின்றன. கட்டணம் இல்லை. அமைச்சர்கள் மேடையில் உட்கார்ந்து யார் கேட்டாலும் பதில் சொல்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள், வாசலில் கேட்பார்கள்.