குறைந்த பட்ஜெட் கேமிங் கணினி: புராசஸரையும் கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மதர்போர்டில் ராம் எங்கே செருகுவது, பயாஸுக்குள் எப்படிப் போவது என்பதெல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். கையில் பணம் குறைவாக இருக்கும்போது கார்டைத் தனியாகவும் புராசஸரைத் தனியாகவும் பார்த்து வாங்குவதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. இரண்டையும் ஜோடியாகப் பார்த்தால் அதே பணத்தில் நல்ல கணினி கிடைக்கும்.

படி 1: மானிட்டரைப் பாருங்கள்

ரெசல்யூஷன் கூடினால் சுமை கார்டின் மேல் ஏறும். நொடிக்கு இத்தனை ஃபிரேம் (திரையில் வரையப்படும் படம்) வேண்டும் என்று கூட்டிக்கொண்டே போனால் சுமை புராசஸர் மேலும் ஏறும். 1920×1080, 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும்) மானிட்டர் என்றால் சுமாரான புராசஸரே போதும், மிச்சத்தைக் கார்டில் போடுங்கள். 144 ஹெர்ட்ஸில் போட்டி விளையாட்டு ஆடுபவர் புராசஸரில் கஞ்சத்தனம் செய்யக் கூடாது.

படி 2: முதலில் கார்டு

புராசஸருக்குப் போடும் தொகையைப் போல இரண்டு மடங்காவது கார்டுக்கு ஒதுக்குங்கள். விஆர்ஏஎம் (கார்டில் உள்ள நினைவகம்) 8 ஜிபிக்குக் கீழே போக வேண்டாம். 4 ஜிபி கார்டில் டெக்ஸ்ச்சர்கள் (விளையாட்டில் பொருட்களின் மேற்பரப்புப் படங்கள்) இடம் போதாமல் கணினியின் ராமுக்கு வழியும். அங்கிருந்து திரும்ப எடுத்துவரும் ஒவ்வொரு முறையும் ஆட்டம் திக்கித் திணறும்.

என் விருப்ப வரிசை: செலவை நன்றாகக் குறைக்க வேண்டுமானால் ஆர்எக்ஸ் 6600 (8 ஜிபி, 132 வாட்). கொஞ்சம் கூடுதலாகப் போட முடிந்தால் ஆர்டிஎக்ஸ் 4060 (8 ஜிபி, 115 வாட்). ஆர்க் பி580-இல் 12 ஜிபி இருக்கிறது, ஆனால் அதற்கு ரீசைஸபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் புராசஸர் ஒரே நேரத்தில் அணுக விடும் பயாஸ் அமைப்பு) இயங்கியே ஆக வேண்டும். பழைய, வேகம் குறைந்த புராசஸரோடு சேர்த்தால் சில விளையாட்டுகளில் அதன் வேகம் சட்டென விழும். அதனால் பழைய கணினியில் செருக அதை வாங்காதீர்கள்.

பெட்டியில் இருக்கும் பெயரை முழுதாகப் படியுங்கள். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு, 6 ஜிபி கார்டும் உண்டு. வித்தியாசம் நினைவகத்தில் மட்டும் இல்லை: முன்னதில் 2560 கோர் (கணக்கிடும் அலகு), பின்னதில் 2304 கோர்தான். ஆர்எக்ஸ் 580-இலும் இப்படித்தான். பெயருக்குப் பின்னால் 2048எஸ்பி என்றிருந்தால் அது வேகம் குறைந்த வகை.

படி 3: லேன் கணக்கு

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், நிதானமாகப் படியுங்கள்.

கார்டும் புராசஸரும் பிசிஐஇ லேன்கள் (தரவு போய்வரும் பாதைகள்) வழியாகப் பேசிக்கொள்கின்றன. 3.0 தலைமுறையில் ஒரு லேனுக்கு நொடிக்கு ஏறக்குறைய 1 ஜிபி, 4.0-இல் ஏறக்குறைய 2 ஜிபி. ஸ்லாட் நீளமாக இருப்பதால் கார்டு 16 லேனையும் பயன்படுத்துகிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 இரண்டும் 8 லேன் கார்டுகள். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு வெறும் 4 லேன்தான். அதை 3.0 ஸ்லாட்டில் செருகினால் மொத்தமே நொடிக்கு ஏறக்குறைய 4 ஜிபி பாதை. போதாக்குறைக்கு அதில் விஆர்ஏஎமும் 4 ஜிபிதான். நினைவகம் வழியும், வழிந்ததை எடுத்துவரப் பாதையும் குறுகல். இந்தக் கார்டை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

சரி, 4.0 எப்போது கிடைக்கும்? புராசஸர், மதர்போர்டு இரண்டும் 4.0-ஆக இருந்தால்தான். ரைசன் 5 5500, 5600ஜி இரண்டும் 3.0 மட்டுமே. 4.0 உள்ள பி550 போர்டில் போட்டாலும் மாறாது. ரைசன் 5 5600-இல் 4.0 உண்டு, ஆனால் ஏ520 அல்லது பி450 போர்டில் போட்டால் 3.0-க்கு இறங்கிவிடும். 5500, 5600 இரண்டிலும் 6 கோர், 12 த்ரெட்தான் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைகள்). ஆனால் எல்3 கேஷ் (புராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) முதலாவதில் 16 எம்பி, இரண்டாவதில் 32 எம்பி. விளையாட்டுக்கு இந்தக் கேஷ் மிக முக்கியம்.

8 லேன் கார்டு 3.0-இல் ஓடினால் இழப்பு பெரும்பாலும் சிறிதே. விஆர்ஏஎம் நிரம்பும்போதுதான் அது பெரிதாகும்.

கணினியைச் சேர்த்து முடித்ததும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து பஸ் இன்டர்ஃபேஸ் வரியைப் பாருங்கள். @ குறிக்குப் பின்னால் இருப்பதுதான் இப்போது ஓடும் வேகம். அங்கே 1.1 என்று இருந்தால் பதற வேண்டாம், சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கார்டு தானாக இறங்கும். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்திச் சோதனையை ஓட்டினால் உண்மை எண் வரும்.

படி 4: புராசஸர்

6 கோர், 12 த்ரெட் இருந்தால் நிம்மதி. ரைசன் 5 5600, கோர் ஐ5-12400எஃப் இரண்டில் போர்டோடு சேர்த்து எது மலிவோ அதை எடுங்கள். ஐ3-12100எஃப் 4 கோர்தான் என்றாலும் 60 ஹெர்ட்ஸுக்குத் தாங்கும். பின்னணியில் பிரவுசரும் டிஸ்கார்டும் ஓடினால் மட்டும் அவ்வப்போது திணறும்.

இந்த மூன்றிலும் உள்கட்டிய கிராபிக்ஸ் கிடையாது. மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகினால் திரை கறுப்பாகவே இருக்கும், கார்டில்தான் செருக வேண்டும். பழைய பி450 போர்டு என்றால் ரைசன் 5000 வரிசைக்குப் பயாஸ் புதுப்பிப்பும் தேவைப்படலாம். புராசஸரே இல்லாமல் பயாஸ் ஏற்றும் பொத்தான் போர்டில் இருக்கிறதா என்று வாங்குமுன் பார்த்துவிடுங்கள்.

படி 5: ஜோடிப் பொருத்தம்

பாட்டில்நெக் (ஒன்று மற்றொன்றைப் பிடித்து இழுப்பது) சதவீதம் காட்டும் இணையக் கணிப்பான்களை நம்பாதீர்கள். விளையாட்டுக்கு விளையாட்டு மாறுவதை ஒரே எண்ணில் அடக்க முடியாது. அதற்குப் பதிலாக நீங்கள் ஆடும் விளையாட்டுக்கு இரண்டு சோதனைகளைத் தேடுங்கள்: உங்கள் புராசஸரை மிக வேகமான கார்டோடு ஓட்டியது ஒன்று, உங்கள் கார்டை மிக வேகமான புராசஸரோடு ஓட்டியது இன்னொன்று. கிராபிக்ஸ் அமைப்பு இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். முதலாவதில் நொடிக்கு 110 ஃபிரேம், இரண்டாவதில் 85 என்றால் உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 85.

வாங்கிய பிறகு ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கார்டின் பயன்பாட்டைப் பாருங்கள். 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் கார்டு முழு மூச்சாக வேலை செய்கிறது. 60, 70 என்று அலைந்தால் ஃபிரேம் வரம்பும் வி-சிங்கும் (ஃபிரேமை மானிட்டரின் வேகத்துக்குக் கட்டும் அமைப்பு) அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படியும் ஏறவில்லை என்றால் புராசஸர்தான் பிடித்து இழுக்கிறது. "புராசஸர் 40 சதவீதம்தானே காட்டுகிறது" என்று ஏமாற வேண்டாம். 12 த்ரெட்டில் ஒன்று மட்டும் முழுதாக நிரம்பினால் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம்தான், ஆட்டமோ அந்த ஒன்றுக்காகக் காத்து நிற்கும்.

பின்சேர்க்கை: எல்லாம் சரியாக வாங்கியும் வேகம் வரவில்லை என்றால் ராமைப் பாருங்கள். ஒரே 16 ஜிபி குச்சிக்குப் பதில் இரண்டு 8 ஜிபி குச்சிகள், 4 ஸ்லாட் போர்டில் புராசஸரிலிருந்து எண்ணி 2, 4-ஆம் ஸ்லாட்டுகளில். பயாஸில் எக்ஸ்எம்பியை (ராமை அதன் பெட்டியில் சொன்ன வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயக்காவிட்டால் 3200 என்று விற்ற ராம் 2133 அல்லது 2400-இல் ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பிலும் 144 ஹெர்ட்ஸை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கலாம், பல கணினிகளில் அது 60-இலேயே நிற்கும்.