கருங்கண்ணிப் பருத்தியில் ஆடைத் தொழில்: தொடக்கத்திலேயே தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்ணை மீட்கும் வேளாண்மையில் விளைந்த பருத்தியைக் கொண்டு ஆடை நிறுவனம் தொடங்க நினைப்பவர்கள் பலர், முதலில் டிசைனை முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற துணியைத் தேடிப் போகிறார்கள். மற்ற தவறுகளில் பாதி இங்கிருந்துதான் பிறக்கின்றன. என்ன உடை தைக்கலாம் என்பதை நிலமும் விதைப்புப் பட்டமும்தான் சொல்ல வேண்டும்.

கோவில்பட்டி, விளாத்திகுளம், விருதுநகர்க் கரிசலில் மானாவாரியாக விளையும் கருங்கண்ணியையே எடுத்துக்கொள்வோம். புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. மாசி தொடங்கிக் கோடை வரை பறிப்பு. நாட்டு இனம் என்பதால் வறட்சியையும் தத்துப்பூச்சியையும் நன்றாகவே தாங்கும். ஆனால் இழை குட்டை, பெரும்பாலும் 25 மில்லிமீட்டருக்குள்தான். இன்றைய நூற்பாலைகளின் எந்திரங்களோ நீள இழைக்கு அமைக்கப்பட்டவை. நூலின் நம்பர் கூடக் கூட நூல் மெல்லியதாகும். இந்தப் பஞ்சில் 60-ஆம் நம்பர் நூல் கேட்டால் இழை அறுந்துகொண்டே இருக்கும். ‘நீள இழைப் பஞ்சோ பாலியஸ்டரோ கலந்துகொள்ளலாமே’ என்று ஆலையில் யோசனை சொல்வார்கள். ஒப்புக்கொண்டால் லேபிளில் எழுதியது பொய்யாகிவிடும். 10 முதல் 20-ஆம் நம்பர் வரைதான் இதற்குப் பொருத்தம். கனமான சட்டை, கால்சட்டை, மேலங்கி, போர்வை, துண்டு இவற்றில் கருங்கண்ணி அருமையாக அமையும். மெல்லிய துப்பட்டாவை இதில் எதிர்பார்க்கக் கூடாது.

அடுத்தது கணக்கு. 100 கிலோ பருத்தியை அரைத்து விதையைப் பிரித்தால் 33 முதல் 35 கிலோ பஞ்சு கிடைக்கும். நூற்பில் கழிவு போக ஏறக்குறைய 28 கிலோ நூல். மீட்டருக்கு 200 கிராம் என்றால் 140 மீட்டர் துணி. தறிக் கழிவும் முதல் சலவைச் சுருக்கமும் போனால் 130 மீட்டர்தான் மிஞ்சும். சட்டைக்கு இரண்டேகால் மீட்டர் என்று வைத்தால் 57 சட்டை. மழை பொய்த்தால் விளைச்சல் பாதியாகும். ஆகவே எதிர்பார்க்கும் விளைச்சலில் பாதிக்கு மேல் முன்கூட்டியே ஆர்டர் வாங்காதீர்கள். 28 கிலோ நூலுக்காக எந்த ஆலையும் எந்திரத்தைத் துடைத்து ஓட்டாது என்பதும் நினைவிருக்கட்டும். 170 கிலோ பஞ்சு கொண்ட ஒரு பேலுக்கே ஐந்து குவிண்டால் பருத்தி வேண்டும். பல உழவர்களின் பருத்தியைச் சேர்த்துச் சில பேல்களாகக் கொடுக்கலாம். அந்த அளவு வராதென்றால் அம்பர் சர்க்காவில் (பல கதிர்கள் கொண்ட கைராட்டையில்) நூற்பவர்களிடம் போகலாம்.

விதையைப் பிரித்துப் பஞ்செடுக்கும் ஜின்னிங் ஆலையைப் பலரும் கவனிப்பதே இல்லை. முந்தைய நாள் ஓடிய, மரபணு மாற்றப்பட்ட பி.டி. பருத்தியின் மிச்சம் எந்திரத்தில் இருந்தால் பஞ்சும் கலக்கும், விதையும் கலக்கும். துடைத்த பிறகு வரும் முதல் சில கிலோவைத் தனியே ஒதுக்குங்கள். விதையை உழவருக்கே திருப்பிக் கொடுங்கள். அடுத்த பட்டத்துக்கு அவருக்கு அது வேண்டும். இன்னொன்று, பறித்த பருத்தியைப் பிளாஸ்டிக் சாக்கில் கட்டாதீர்கள். சாக்கிலிருந்து பிரியும் இழை பஞ்சோடு சேர்ந்து நூலாகிவிடும். அதில் சாயம் ஏறாது. துணி சாயத்திலிருந்து வெளியே வந்த பிறகுதான் வெள்ளைக் கீற்றாகத் தெரியும். அப்போது செய்வதற்கு ஒன்றுமில்லை. பருத்தித் துணிப் பைகளைப் பறிப்புக்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது.

மிகப் பெரிய தவறு, பருத்தியை மட்டும் வாங்குவது. மண் தேற உளுந்தும் பாசிப்பயறும் ஊடே வேண்டும், கம்பு, சோளம், கொத்தமல்லி மாறி மாறி வர வேண்டும். பருத்திக்கு மட்டும் நல்ல விலை, பயறுக்கு ஆளில்லை என்றால் உழவர் ஆண்டுதோறும் பருத்தியையே போடுவார். பிறகு எந்தப் பெயரில் விற்றாலும் அது ஒற்றைப் பயிர் வேளாண்மைதான். பயறை நீங்களே வாங்குங்கள், அல்லது வாங்க ஆளை ஏற்பாடு செய்யுங்கள். விலையை விதைப்புக்கு முன் எழுத்தில் சொல்லி, ஒரு பகுதியை அப்போதே முன்பணமாகக் கொடுத்து, மீதியை எடை போட்ட 15 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். சட்டை விற்றபின் தருகிறேன் என்பது உங்கள் வியாபார ஆபத்தை உழவர் தலையில் ஏற்றுவதாகும். பருத்தியில் போட்ட பணம் சட்டையாகித் திரும்ப ஆறு முதல் எட்டு மாதம் ஆகும். முதலீட்டை அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

மண்ணில் கரிமம் கூடியது என்று சொல்ல விரும்பினால் முதல் விதைப்புக்கு முன்பே மண் மாதிரி எடுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே மாதத்தில், 0–15, 15–30 செ.மீ. ஆழங்களில் தனித்தனியாக எடுங்கள். கரிசலில் சுண்ணாம்பு அதிகம். ‘மொத்தக் கரிமம்’ அளந்தால் சுண்ணாம்பில் உள்ளதும் சேர்ந்து வரும். அங்ககக் கரிமத்தை (மட்கிய உயிர்ப்பொருளில் உள்ள கரிமத்தை) தனியே கேட்டு வாங்குங்கள். ஓராண்டு வித்தியாசத்தை வைத்து எதையும் அறிவிக்காதீர்கள்.

சாயக் கழிவு நொய்யலை என்ன செய்தது என்பது தெரிந்ததே. 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. அதனால் இயற்கைச் சாயத்துக்குப் போகிறவர்கள், அது தானாகவே தூய்மையானது என்று நம்பிவிடுகிறார்கள். நிறம் பிடிக்க மயில்துத்தமோ குரோமிய உப்போ போட்டால் கழிவுநீரும் நஞ்சுதான். துணி எடையில் 15 முதல் 20 விழுக்காடு கடுக்காய், பிறகு 10 முதல் 15 விழுக்காடு படிகாரம் போதும். கருநிறத்துக்குப் போடும் இரும்பு உப்பான அன்னபேதி 2 விழுக்காட்டைத் தாண்டினால் துணி நாளடைவில் இற்றுப்போகும். மஞ்சள் வெயிலில் வெளுக்கும், அதை அடிப்படை நிறமாக வைக்காதீர்கள். நீலத்துக்கு அவுரி நல்லது. பயறுக் குடும்பச் செடியாதலால் பயிர்ச் சுழற்சியிலும் சேரும். சாயத்துக்கு முன் சலவைச் சோடாவில் ஒரு மணி நேரம் கொதிக்கவைக்காவிட்டால் பஞ்சின் மெழுகு போகாது, நிறம் திட்டுத்திட்டாக ஏறும்.

தைக்கும்போது பாலியஸ்டர் நூலும் செயற்கைப் பசையால் ஒட்டும் காலர் உள்துணியும் சேர்ந்தால், ‘மண்ணில் மட்கும் சட்டை’ என்று சொல்ல முடியாது. பருத்தித் தையல் நூல், தைத்துச் சேர்க்கும் காலர், சிரட்டைப் பொத்தான் ஆகியவை கிடைக்கின்றன.

கடைசியாக, சொல்லும் சொல். என்.பி.ஓ.பி. என்னும் தேசிய அங்கக உற்பத்தித் திட்ட விதிப்படி ஆண்டுப் பயிருக்கு, விதைப்புக்கு முன் பொதுவாக இரண்டாண்டு மாற்றக் காலம் உண்டு. அதற்குள் விளைந்ததை ‘ஆர்கானிக்’ என்று விற்கக் கூடாது. போலிப் பசுமை விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024-இல் வழிகாட்டுதல்கள் வெளியிட்டிருக்கிறது. ‘இயற்கைக்கு உகந்தது’ போன்ற பொத்தாம்பொதுவான சொற்களுக்கு இப்போது ஆதாரம் வேண்டும். லேபிளில் ஊர், விளைந்த ஆண்டு, நூல் நம்பர், சாயம் ஆகியவற்றை எழுதுங்கள். இடுப்பு எலாஸ்டிக் செயற்கை இழை என்றால் அதையும் அதே அளவு எழுத்தில் எழுதுங்கள்.