வால்பாறைக்கு இரண்டு ராத்திரி

நான் பிறந்தது வால்பாறை மலையில், ஒரு தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில். அம்மா முப்பத்தொரு வருஷம் கொழுந்து பறித்தவர். இப்போது நாங்கள் கோவையில் இருக்கிறோம். பள்ளி லீவு வந்தாலே சொந்தக்காரர்கள், கூட வேலை செய்கிறவர்கள் என்று எல்லாரும் "வால்பாறை போகணும், என்ன பண்ணலாம்?" என்று கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், காலையில் ஏறி சாயங்காலம் இறங்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பொள்ளாச்சியிலிருந்து ஏறக்குறைய 65 கிலோமீட்டர்தான். ஆனால் ஆழியாறைத் தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி இறங்கவே பாதி நாள் போய்விடும், குழந்தைகளும் வாந்தி எடுத்துச் சோர்ந்துவிடுவார்கள். குறைந்தது இரண்டு ராத்திரி தங்குங்கள். 2025 நவம்பரிலிருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். ஆன்லைனில் பதிந்து, செல்போனில் எடுத்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள். அரசு பஸ்ஸில் வந்தால் இந்தக் கவலை இல்லை, ஜன்னலோரம் மட்டும் பிடித்தால் போதும்.

எந்த மாதம் போவது என்பது எதைப் பார்க்க ஆசை என்பதைப் பொறுத்தது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. சின்னக்கல்லார் தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. அருவியும் மூடுபனியும் கண்ணை நிறைக்கும், ஆனால் அட்டைக் கடியும் மண்சரிவும் சேர்ந்தே வரும். கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் அந்த மாதங்களில் வர வேண்டாம். செப்டம்பர் கடைசியிலிருந்து மலை கழுவித் துடைத்த மாதிரி இருக்கும். டிசம்பர், ஜனவரியில் நல்ல குளிர், ஸ்வெட்டர் கட்டாயம். மார்ச்சில் முதல் மழை விழுந்ததும் காப்பிச் செடிகள் வெள்ளை வெளேரென்று பூக்கும். அந்த வாசனைக்காகவே நான் வருஷா வருஷம் ஏறுகிறேன்.

ஆழியாறிலிருந்து காலை எட்டு, ஒன்பது மணிக்கு ஏறத் தொடங்குங்கள். வயிற்றில் இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம். குமட்டல் வருகிறவர்களை முன் சீட்டில் உட்கார வையுங்கள். எதிரே வண்டி ஏறி வந்தால் நின்று வழி விடுங்கள், மலைச்சாலையின் முறை அது. இறங்கும்போது பிரேக்கையே நம்பாமல் இரண்டாவது கியரில் வாருங்கள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ காட்சிமுனை இருக்கிறது. அங்கே பாறைகளில் வரையாடுகள் நிற்கும், சில நாள் சாலையோரத்துக்கே வந்துவிடும். தின்னக் கொடுக்காமல், தள்ளி நின்று பாருங்கள்.

இருட்டுவதற்குள் அறைக்குப் போய்விட வேண்டும். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். ஒருமுறை எங்கள் சித்தப்பா குடும்பம் ஏழரை மணிக்கு எஸ்டேட் ரோட்டில் வந்தபோது யானைக்கூட்டம் குறுக்கே நின்றுவிட்டது. டீக்கடை ஒன்றில் இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். இங்கே சில இடங்களில் கம்பத்தில் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள். அது எரிந்தால் பக்கத்தில் யானை நிற்கிறது என்று அர்த்தம், அந்தப் பக்கம் போகக் கூடாது. சிறுத்தையும் உண்டு. சாயங்காலத்துக்கு மேல் பிள்ளைகளைத் தேயிலைக்குள் விளையாட விடாதீர்கள்.

இரண்டாம் நாளைச் சுற்றிப் பார்க்க ஒதுக்குங்கள். காலை ஏழு மணிக்குப் புதுத்தோட்டம் போனால் சாலையோர மரங்களில் சிங்கவால் குரங்குகளைப் பார்க்கலாம். அவை வண்டியில் அடிபடாமல் கடக்கச் சாலைக்கு மேலே பாலம் கட்டியிருக்கிறார்கள். குட்டி தாயைக் கட்டிக்கொண்டு அதில் போவதைப் பார்க்கப் பத்து நிமிஷம் நின்றால் போதும். பிஸ்கட் போட்டுப் பழக்கினால் அவை தரையிறங்கிச் சாகும். அப்புறம் நல்லமுடி பூஞ்சோலை காட்சிமுனை, மதியம் சோலையாறு அணை. நேரம் இருந்தால் கூழாங்கல் ஆறு.

ஆற்றில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2023 அக்டோபரில் சோலையாறு எஸ்டேட் பக்கம் ஆற்றில் இறங்கிய கல்லூரிப் பையன்கள் ஐந்து பேர் திரும்பவே இல்லை. மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீருக்கடியில் வழுக்குப்பாறையும் சுழலும் இருக்கும். மேலே மலையில் பெய்த மழை, வெயிலடிக்கும் இடத்திலும் திடீரென்று வெள்ளமாக வரும்.

மலக்கப்பாறை வழியாகக் கேரளாவின் அதிரப்பள்ளி அருவிக்கு இறங்க ஆசைப்படுகிறவர்கள் காலையிலேயே கிளம்புங்கள். செக்போஸ்ட்டில் நேரம் குறித்துக் கொடுப்பார்கள், அதற்குள் காட்டைக் கடக்க வேண்டும். நடுவில் வண்டியை நிறுத்த முடியாது.

எடுத்து வைக்க வேண்டியவை: மழைக்கோட்டு, டார்ச், வாந்தி மாத்திரை, அட்டைக்கு உப்பு, கையில் கொஞ்சம் ரொக்கம். குப்பையைக் கீழே கொண்டு போக ஒரு பை.

தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பெண்களைப் படம் எடுக்கும் முன், "அம்மா, எடுத்துக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். என் அம்மாவை எத்தனையோ பேர் கேட்காமல் எடுத்திருக்கிறார்கள். கேட்ட ஒருவரை மட்டும் அவர் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார். அன்று அம்மா தலையில் கட்டியிருந்த துண்டைச் சரிசெய்து, சிரித்துக்கொண்டு நின்றாராம்.