முதல் பேனைக் கண்காட்சிக்கு ஒரு சீ.ஆர். கொப்பியோடு போங்கள்

வன்னியில் இருக்கிற ஒருவர் பவுண்டன் பேனைக் கண்காட்சிக்குப் போவதென்றால், அது பெரும்பாலும் வேறொரு பயணத்தோடு ஒட்டிக்கொண்டுதான் வரும். லண்டனில் தங்கச்சியின் கலியாணம், ரொறன்ரோவில் பெரியப்பா வீட்டில் ஒரு மாதம், அல்லது பலாலியில் ஏறி சென்னை போய் அப்படியே மும்பை. லண்டனில் வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் கண்காட்சி நடக்கும். அமெரிக்காவில் பெரியது வாஷிங்டன், ஆகஸ்டில். இந்தியாவில் மும்பை. நாளும் நுழைவுக் கட்டணமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். நடத்துபவர்களின் அறிவிப்பைப் பார்த்த பிறகே ரிக்கெற் போடுங்கள்.

கண்காட்சி என்றதும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டுகிற இடம் என்று நினைக்க வேண்டாம். அது ஒரு சந்தை. மண்டபம் நிறைய மேசைகள். ஒன்றில் புதுப் பேனை, பக்கத்தில் எழுபது வருடப் பழசு, அங்கால் மைப்போத்தல், மூலையில் நிப் தீட்டிக் கொடுப்பவர். சந்தைக்குப் போகிற மாதிரியே ஆயத்தமும் வேண்டும்.

நான்கு கிழமைக்கு முன்: கையைப் பழக்குங்கள்

போல்பொயின்ற் பேனையால் வருடக்கணக்காக எழுதிய கை அழுத்திப் பழகியிருக்கும். பவுண்டன் பேனைக்கு அழுத்தமே தேவையில்லை. நிப் கடதாசியைத் தொட்டால் மை தானாக இறங்கும். அழுத்தினால் நடுவே பிளந்த நிப்பின் இரண்டு பாதிகளும் விரிந்து கோடு தடிக்கும், நாளடைவில் நிப்பே கோணும்.

ஒரு ஹீரோ 616 அல்லது அதுபோன்ற மலிவான பேனையை எடுத்து நாளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். எழுதியதும் தாளைப் புரட்டி அடுத்த தாளைத் தடவிப் பாருங்கள். தடம் தட்டுப்பட்டால் இன்னும் அழுத்துகிறீர்கள். அந்தத் தடம் போகும்வரை கண்காட்சியில் யாருடைய பேனையையும் கையில் எடுத்து எழுத வேண்டாம். விற்பவர்கள் பயப்படுவது களவுக்கு அடுத்ததாக இதற்குத்தான்.

அதே நேரம் உங்கள் எழுத்தின் அளவையும் பாருங்கள். சீ.ஆர். எனும் தடித்த அட்டைக் கொப்பியின் கோட்டுக்குள் "ண" எழுதினால் அதன் சுழிகள் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்தான் இருக்கும். மேற்கத்தைய மீடியம் நிப் போடும் கோடே அரை மில்லிமீற்றருக்கு மேல். சுழி அடைபட்டு ண, ன, ஞ எல்லாம் கறுப்புப் பொட்டாகிவிடும். தமிழ் எழுதுகிறவருக்கு அதைவிட மெல்லிய ஃபைன் அல்லது எக்ஸ்ட்ரா ஃபைன் பொருந்தும். பைலட், செய்லர், பிளாட்டினம் போன்ற ஜப்பான் பேனைகளில் அதே பெயருள்ள நிப் ஏறத்தாழ ஒரு படி மெல்லியதாக எழுதும். ஆகவே ஜப்பான் மீடியம் சரிவரும், ஜேர்மன் மீடியம் சரிவராமல் போகலாம்.

வீட்டில் கிடக்கும் பழைய பேனை

தாத்தா ஆசிரியராகவோ தபாலதிபராகவோ இருந்திருந்தால் அலுமாரியின் ஒரு மூலையில் பார்க்கர் 51 கிடக்க வாய்ப்புண்டு. 1941இல் சந்தைக்கு வந்த பேனை அது. நிப்பின் நுனி மட்டும் வெளியே தெரியும். அதைக் கொண்டுபோனால் விலை கேட்கலாம், திருத்த ஆள் தேடலாம், அதைக் காட்டியே கதை தொடங்கலாம். ஆனால் காய்ந்த மையோடு கொண்டுபோக வேண்டாம்.

கழுவுவதற்குக் கிணற்றுத் தண்ணீரைப் பாவிக்காதீர்கள். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு நிப்புக்குக் கீழே மையைக் கொண்டுவருகிற ஃபீட்டின் மெல்லிய வெட்டுகளிலும் படியும். போத்தலில் பிடித்துவரும் சுத்திகரித்த குடிநீர் அல்லது மழைத் தண்ணீர் எடுங்கள். சுடுதண்ணீர் கூடாது, அறை வெப்பநிலை போதும். உறிஞ்சி வெளியேற்றி, தெளிந்த தண்ணீர் வரும்வரை செய்யுங்கள். பார்க்கர் 51க்கு இருபது தடவையும் போதாமல் போகலாம். உள்ளே மை தேங்கும் பகுதி பெரிது, மறுநாளும் நீலம் கசியும். மை விடவே மாட்டேன் என்றால் ஒரு கிளாஸ் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி, ஒன்றே ஒன்று. பிறகு நன்றாக அலசி, மடித்த பருத்தித் துணியில் நிப் கீழே பார்க்க இரவு முழுக்க நிறுத்தி வையுங்கள்.

பக்கத்தில் நெம்புகோல் உள்ள பேனையென்றால் கழுவும் வேலையே வேண்டாம். உள்ளே இருக்கும் ரப்பர் பை இறுகியிருக்கும். நெம்புகோலை இழுத்தால் பை நொறுங்கும், நெம்புகோலும் முறியக்கூடும். காதோரம் வைத்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள், கலகலத்தால் பை ஏற்கெனவே உடைந்துவிட்டது. அப்படியே துணியில் சுற்றிக் கொண்டுபோய்த் திருத்துபவரிடம் கொடுங்கள். பை மாற்றுவது அவர்களுக்குச் சின்ன வேலை.

பையில் என்ன போகவேண்டும்

முதலாவது, தலைப்பில் சொன்ன சீ.ஆர். கொப்பி, அல்லது நீங்கள் நாளாந்தம் எழுதும் எந்தக் கொப்பியோ அது. விற்பவர் மேசையில் வைத்திருக்கும் கடதாசி வழுவழுப்பான உயர்தரமாக இருக்கும். அதில் எந்தப் பேனையும் வெண்ணெயாக ஓடும். கிளிநொச்சிக்கு வந்து உங்கள் கொப்பியில் எழுதும்போதுதான் மை வேர்விட்டுப் பரவும், மறுபக்கம் ஊறும். பேனையைக் குறை சொல்லிப் பயனில்லை, கடதாசியோடு சேர்த்துப் பார்க்காதது நம் பிழை.

அடுத்தது 10 மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி, நகைக்கடையில் கண்ணில் இடுக்கிப் பார்ப்பார்களே, அது. போனின் ரோச் லைற்றும் வேண்டும். பழைய மென்மையான பனியன் துணி ஒன்று. காசு: மேசைக்காரர் எல்லோரும் கார்ட் எடுக்க மாட்டார்கள், அந்த நாட்டுக் காசாகவே வைத்திருங்கள். மொத்தத்தை இரண்டு கவரில் பிரியுங்கள், பேனைக்கு ஒன்று, மைக்கும் திருத்த வேலைக்கும் ஒன்று. இரண்டாவது கவரைத் தொட்டுப் பேனை வாங்குவதில்லை என்று முடிவெடுத்துவிட்டுப் போங்கள்.

விமானத்தில் பேனையை முழுக்க நிரப்பிக் கொண்டுபோங்கள், இல்லையென்றால் முழுக்கக் காலியாக. பாதி மை, பாதி காற்று என்றால் மேலே போனதும் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். நிப் மேலே பார்க்க நிமிர்ந்து இருக்கட்டும். திரும்பி வரும்போது கைப்பையில் வைக்கும் மைப்போத்தல் பெரும்பாலான விமான நிலையங்களில் 100 மில்லிலீற்றருக்கு மேற்படக் கூடாது. கணக்கெடுப்பது போத்தலின் கொள்ளளவை, உள்ளே மிச்சமிருக்கும் மையை அல்ல.

மண்டபத்துக்குள் முதல் முக்கால் மணி நேரம்

புதுப் பேனை ஒன்றும் வாங்காதீர்கள். உடனே செய்யவேண்டியது ஒன்றுதான்: நிப் தீட்டுபவரிடம் வேலை இருந்தால் நேராகப் போய்ப் பெயரைப் பதியுங்கள். அந்தப் பட்டியல் காலையிலேயே நிரம்பிவிடும்.

பிறகு ஒரு சுற்று நடந்து, பிடித்ததை மேசை இலக்கத்தோடு கொப்பியில் குறியுங்கள். லாமி சஃபாரி போன்ற இன்றும் செய்யப்படும் பேனைகள் நாலைந்து மேசையில் இருக்கும், விலை ஒப்பிட்டுப் பார்க்கலாம், அவசரமில்லை. பழைய பேனை அப்படியில்லை, அந்த ஒன்று போனால் போனதுதான். சோதித்துச் சரியாக இருந்தால் சுற்று முடியும்வரை தள்ளிப்போட வேண்டாம்.

மேசையில் கை வைக்கும் முன் கேளுங்கள். தமிழர் நின்றால் "அண்ணா, மூடியைக் கழற்றிப் பார்க்கலாமா?" போதும். மூடி கழற்றக் கேட்பதும் எழுதக் கேட்பதும் வேறு வேறு அனுமதி. பேனையை மேசைக்கு நேர் மேலே, தாழப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர்ப் போத்தலையோ தேநீரையோ மேசையில் வைப்பதும், எழுதும்போது மூடியைப் பின்பக்கம் செருகுவதும் வேண்டாம். பழைய மூடியின் விளிம்பு அப்படித்தான் வெடிக்கும், பேனையின் உடலிலும் வட்டமாகத் தேய்வு விழும்.

பழைய பேனையைப் பார்க்கும் ஒழுங்கு

மூடியின் விளிம்பில் தொடங்குங்கள். ரோச் லைற்றைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகச் சுற்றினால் மயிர் போன்ற வெடிப்பு பளிச்சென்று தெரியும். அடுத்தது கிளிப், பிறகு பிடிக்கும் கழுத்துப் பகுதி. எபனைற் எனும் கறுப்புக் கடின ரப்பர் வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பாக மாறும். அது பெரிய குறையில்லை, ஆனால் விலையில் கழிக்கவேண்டிய விடயம். அதைத் தண்ணீரில் ஊறப்போட்டால் நிறம் இன்னும் கெடும். லண்டன் மேசைகளில் நிறையக் காணும் கொன்வே ஸ்ருவேர்ட் பேனைகளில் சில கேசீன் எனும் பாற்புரதப் பொருளால் ஆனவை. பார்வைக்கு அள்ளும் வடிவு, ஆனால் தண்ணீரில் ஊறினால் வீங்கிவிடும். அடிக்கடி கழுவுகிற கையென்றால் வேறு பேனை பாருங்கள்.

நிப்பில் 14 கே அல்லது 585 என்று இருந்தால் தங்கம். "இரிடியம் பொயின்ற் ஜேர்மனி" என்று பொறித்திருந்தால் அதை வைத்து ஜேர்மன் பேனை என்று காசு கொடுக்க வேண்டாம். எங்கெங்கோ செய்யும் மலிவான பேனைகளிலும் அந்தப் பொறிப்பு வரும்.

பெரிதாக்கும் கண்ணாடியால் நிப்பை முன்பக்கமாக, நுனி உங்களைப் பார்க்கப் பிடித்துப் பாருங்கள். இரண்டு பாதியும் ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும். ஒன்று உயர்ந்தால் ஒரு திசையில் மட்டும் கீறும். இது திருத்தக்கூடிய குறை. நுனியில் இருக்கும் கடின உலோகக் குண்டு தேய்ந்து போயிருந்தால் அது வேறு கதை, செலவு கூடிய வேலை. விட்டுவிடுங்கள்.

எழுதிப் பார்த்தல்

அனுமதி கிடைத்ததும் பலர் கையெழுத்தைப் போட்டுவிட்டுத் தலையாட்டுகிறார்கள். கையெழுத்து வேகமாக ஓடும், குறையை மறைத்துவிடும். இந்த ஒழுங்கில் செய்யுங்கள்:

1. சொந்தக் கொப்பியில் நான்கு திசைக்கும் கோடு: மேலே, கீழே, இடம், வலம். கீறல் எந்தப் பக்கம் என்று விளங்கும்.
2. எட்டு வடிவம், நிறுத்தாமல் பத்துத் தடவை. போகப் போக வெளிறினால் மை வரத்துக் குறைவு.
3. "ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு" என்று உங்கள் வழக்கமான வேகத்தில்.

மூன்றாவதில்தான் விடயம் இருக்கிறது. ஒட்டுசுட்டானின் ட நேர்க்கோடு, மூலையில் திரும்பும்போது நிப் தடக்குகிறதா என்று காட்டும். முல்லைத்தீவில் லையும் வுவும் சுழி. மூன்று பெயரிலும் புள்ளி வருகிறது. புள்ளி வைக்கும்போது பேனை கடதாசியை விட்டு எழும்பி, ஒரு கணம் மட்டும் தொட்டு, மறுபடி எழும்புகிறது. மிதமிஞ்சி மினுக்கப்பட்ட நிப்பில் பிளவின் உள்விளிம்புகள் உருண்டிருக்கும். அங்கே மை கடதாசிக்கு எட்டாமல் ஒரு மயிரிழை மேலே நிற்கும். நீண்ட கோடு போட்டால் ஓடிவிடும், புள்ளி வைத்தால் விழாது. நாலு புள்ளியில் இரண்டு காணாமல் போனால், அந்தப் பேனை ஆங்கிலத்துக்கு எப்படியோ, தமிழுக்கு உங்களைப் படாதபாடு படுத்தும்.

போத்தலில் தொட்டுத்தான் எழுதலாம் என்று விற்பவர் சொன்னால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. தொட்டு எழுதும்போது நிப்பும் ஃபீட்டும் நனைந்திருப்பதால் மை தாராளமாக வரும். வழவழப்பை மட்டும் நம்பலாம், மை வரத்தைப் பற்றி ஒன்றும் முடிவெடுக்க ஏலாது. நிரப்பி வைத்த மாதிரிப் பேனை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால், சரியாக எழுதாவிட்டால் திருப்பி எடுப்பாரா என்று காசு கொடுக்கும் முன் கேளுங்கள்.

நிப் தீட்டுபவர் முன்னால்

அவருக்குத் தமிழ் தெரியவேண்டியதில்லை, நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் போதும். வழக்கமாக உட்கார்ந்து எழுதுகிற மாதிரி ஐந்து வரி எழுதிக் காட்டுங்கள். பிடி, சாய்வு, வேகம் எல்லாம் பார்த்துத்தான் தீட்டுவார். முதல்முறை இரண்டு பாதியையும் மட்டமாக்கி, கீறலை எடுத்து, மை வரத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். ஸ்ரப், இற்றாலிக் என்று நுனியைத் தட்டையாகத் தேய்த்து வடிவத்தையே மாற்றுவது இருக்கிற ஒரே பேனையில் வேண்டாம். தேய்த்த உலோகம் திரும்பி வராது.

மை மேசை

சோதனை மைகள் திறந்திருக்கும் மேசையில் ஒரு மையில் தொட்ட பேனையைக் கழுவித் துடைக்காமல் அடுத்த போத்தலில் விடுவது பெரிய குற்றம். உங்கள் கொப்பியிலேயே பெயரோடு ஒரு வரி எழுதி, காயவிட்டு, மறுபக்கத்தைப் பாருங்கள். முதல் போத்தலுக்குச் சாதாரண நீலமோ நீலக்கறுப்போ எடுங்கள். மினுமினுப்புத் தூள் கலந்த மை ஃபீட்டில் தங்கும். வரைவதற்கான இந்தியன் இங்க் எந்தக் காரணத்துக்கும் பவுண்டன் பேனைக்குள் போகக்கூடாது, உள்ளே காய்ந்தால் கல்.

வீட்டுக்கு வந்த பிறகு

புதுப் பேனையையும் நிரப்பும் முன் ஒருமுறை அலசுங்கள், செய்யும்போது பட்ட எண்ணெய்ப் பசை மையைத் தடுக்கும். தகரக் கூரைக்குக் கீழோ மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ளோ வைக்க வேண்டாம். மார்கழி மழையில் கொப்பி ஈரம் குடித்து மை வழமையைவிடப் பரவும், அதற்காகப் பேனையைத் திருத்தக் கொடுத்துவிடாதீர்கள்.

வன்னி வெயிலுக்குக் கடைசிச் சோதனை மூடிதான். நிரப்பி, மூடியை இறுக்கி, நிப் மேலே பார்க்க நிறுத்தி, மூன்று நாள் தொடாமல் விடுங்கள். நாலாம் நாள் காலை எடுத்து, கோடு எதுவும் இழுக்காமல், நேராக ஒரு புள்ளி வையுங்கள். விழுந்தால் மூடி காற்றை விடவில்லை. இரண்டு மூன்று தடவை தட்டிய பிறகே விழுந்தால், அந்தப் பேனையை நாளாந்தம் எழுதும் மேசையில் மட்டும் வையுங்கள்.