டிஎஸ்எல்ஆரை வெப்கேமாக்கும்போது சறுக்கும் இடங்கள்

பெங்களூரு அல்சூரில் அண்ணி சனிக்கிழமைதோறும் வீணை வகுப்பை நேரலையில் நடத்துகிறார். வெப்கேமுக்குப் பதிலாக என் டிஎஸ்எல்ஆர் கேமராவைத்தான் (லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய கேமரா) கணினியோடு இணைத்திருக்கிறேன். முதல் வகுப்பன்று வர்ணம் பாதியில் இருக்கும்போதே படம் கறுத்துவிட்டது. "தம்பி, உன் கேமரா தூங்கிடுச்சு பாரு!" என்று உள்ளேயிருந்து குரல். நிஜமாகவே தூங்கித்தான் போயிருந்தது. சும்மா இருந்தால் கேமரா தானே அணைந்துகொள்ளும் ஆட்டோ பவர் ஆஃபை நான் அணைக்கவில்லை. நிக்கான் வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும்: லைவ் வியூவுக்கென்று (கேமராத் திரையில் காட்சி தொடர்ந்து ஓடும் நிலை) தனி டைமர் இருக்கும்.

அடுத்தது பேட்டரி. ஸ்டில் எடுக்க நாள் முழுக்க வரும் பேட்டரி, லைவ் வியூவில் ஒன்றரை மணி நேரம் தாங்கினாலே பெரிது. டம்மி பேட்டரி வாங்குங்கள்; பேட்டரி வடிவில் உள்ளே போய், சுவர் பிளக்கிலிருந்து கரண்ட் கொடுக்கும். ஆனால் மாடல் பார்த்து. கேனான் 1500டி-க்கு எல்பி-இ10, 200டி-க்கு எல்பி-இ17. ஒன்று மற்றொன்றில் நுழையாது. டம்மி போட்டபின் கரண்ட் போனால் கேமராவும் போய்விடும் என்பதால் அதையும் ரவுட்டரையும் யூபிஎஸ்ஸில் மாட்டிவிடுங்கள். நம் ஊர் மழைக்கு இது அவசியம்.

கேப்சர் கார்டை (கேமராவின் எச்டிஎம்ஐ படத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் கருவி) அவசரப்பட்டு வாங்காதீர்கள். எஸ்.பி. ரோட்டில் பேரம் பேசி ஒன்றை வாங்கி வந்து மாட்டினால், வீணையின் மேல் ஷட்டர் எண்களும் ஃபோகஸ் கட்டமும் மிதந்தன. விலை குறைந்த பல மாடல்களில் எச்டிஎம்ஐ வழியே திரையில் இருப்பதெல்லாம் அப்படியே வெளியே வரும். அப்படியானால் யூஎஸ்பி வழிதான். கேனானும் நிக்கானும் 2020-ல் அதற்கான இலவச மென்பொருளை வெளியிட்டன. உங்கள் மாடல் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சார்ஜுக்கு மட்டும் பயன்படும் கேபிளைச் செருகிவிட்டு மென்பொருளைத் திட்டாதீர்கள். நான் திட்டியிருக்கிறேன்.

என்னை அதிகம் படுத்தியது வெளிச்சம். மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கேமரா அது. வெள்ளைச் சுவரில் கறுப்புப் பட்டைகள் மெல்ல மேலேறிக்கொண்டே இருந்தன. லென்ஸைத் துடைத்தேன், கேபிளை மாற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. கேமரா அமெரிக்க வீடியோ முறையான என்டிஎஸ்சி-யில் இருந்ததால் டியூப்லைட்டின் துடிப்போடு அது ஒத்துப்போகவில்லை. 50 ஹெர்ட்ஸுக்கான 'பால்' (PAL) வீடியோ முறைக்கு மாற்றி, ஷட்டரை 1/50 நொடியில் வைத்ததும் பட்டைகள் காணாமல் போயின.

பின்னணி மங்கலாக வேண்டும் என்ற ஆசையில் லென்ஸின் துளையை எஃப்/1.8 வரை அகலத் திறக்காதீர்கள். வீணை நுனியின் யாளி முகம் பளிச்சென்று தெரியும், அண்ணி முகம் தெரியாது. மெட்டில் ஓடும் விரல்களைப் பார்க்கத்தானே பிள்ளைகள் வருகிறார்கள்! எஃப்/5.6 போதும். ஃபோகஸை மேனுவலில் பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் கை அசையும்போதெல்லாம் லென்ஸ் தேடிக்கொண்டே இருக்கும். நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸும் அப்படியே.

சத்தத்துக்குத் தனி மைக் வேண்டும். அந்த யூஎஸ்பி மென்பொருள் படத்தை மட்டுமே அனுப்பும். படம் சற்றுப் பிந்தி வருவதால் விரல் மீட்டுவதற்கு முன்பே நாதம் கேட்கும். நேரலை மென்பொருளான ஓபிஎஸ்ஸில் மைக்கைச் சில நூறு மில்லி நொடி தாமதப்படுத்தி, கை தட்டிப் பார்த்து ஒத்துப்போக வையுங்கள். அப்புறம், இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது சுருதிப்பெட்டியையும் இரைச்சல் என்று நினைத்துத் தின்றுவிடும்.

அண்ணி இப்போதெல்லாம் ஒரு தட்டுத் தட்டி, "சரியா இருக்கா தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் சுருதி சேர்க்கிறார்.