டிரம்ஸ் பக்கத்தில் நின்றாலும் கேட்க வேண்டும்: குறைந்த செலவில் பேஸ் ஆம்ப் வாங்குவது எப்படி

நான் முதலில் வாங்கிய பேஸ் ஆம்ப் (பேஸ் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி) 40 வாட்ஸ், 10 அங்குல ஸ்பீக்கர். வீட்டில் வாசித்தபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, கீழ்வீட்டு அம்மா மேலே வந்து கேட்டார். அதே ஆம்பை வடபழனிப் பக்கம் மூன்றாவது மாடியில் இருக்கும் ரிகர்சல் அறைக்குக் கொண்டுபோனேன். டிரம்மர் நாலு எண்ணி ஆரம்பித்த அடுத்த நொடி என் பேஸ் காணாமல் போனது. அதற்குப் பிறகு எட்டு மாதம் பல அறைகளில் பல ஆம்ப்களில் வாசித்துப் பார்த்துத்தான் சரியானதை வாங்கினேன். அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. டிரம்ஸ் உண்டா, இல்லையா?

முதல் கேள்வி இதுதான். கஹோன் (மேலே உட்கார்ந்து கையால் தட்டும் பெட்டி), கீபோர்டு, ஒரு அகூஸ்டிக் கிட்டார் என்ற அளவில் சின்னக் குழு என்றால் 40 வாட்ஸ், 10 அங்குலம் தாராளமாகப் போதும். முழு டிரம் செட் இருந்தால் 100 வாட்ஸும் 12 அங்குல ஸ்பீக்கரும்தான் என் குறைந்தபட்சக் கணக்கு. 8 அங்குல ஸ்பீக்கர் உள்ள குட்டி ஆம்ப் வீட்டுப் பயிற்சிக்கு அருமையான பொருள். அதை டிரம்மர் பக்கத்தில் வைக்க வேண்டாம். பேஸின் தடித்த ஈ கம்பியை எங்கும் அழுத்தாமல் தட்டினால் வருவது 41 ஹெர்ட்ஸ். அந்த ஆழத்தில் சத்தம் எழுப்ப ஸ்பீக்கர் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும், சின்ன ஸ்பீக்கரால் அது முடியாது.

2. வாட்ஸை மட்டும் பார்க்காதீர்கள்

100 வாட்ஸுக்குப் பதில் 200 வாட்ஸ் வாங்கினால் சத்தம் இரண்டு மடங்கு ஆகாது. கூடுவது 3 டெசிபல்தான், காதுக்குக் கொஞ்சம் கூடியதுபோல் இருக்கும், அவ்வளவே. இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஸ்பீக்கரின் திறன் இதே அளவுக்கு முக்கியம். 94 டெசிபல் சென்சிட்டிவிட்டி (ஒரு வாட்டுக்கு ஸ்பீக்கர் எழுப்பும் சத்தம்) உள்ள ஸ்பீக்கரில் 200 வாட்ஸ் கொடுப்பதும், 97 உள்ளதில் 100 வாட்ஸ் கொடுப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஹெட் (ஒலி பெருக்கும் பகுதி), கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) என்று தனித்தனியாக வாங்குபவர்கள் பின்பக்கம் ஓம் (மின்தடை அளவு) பார்க்க வேண்டும். ‘500 வாட்ஸ்’ என்பது பெரும்பாலும் 4 ஓமில் கிடைப்பது. 8 ஓம் கேபினெட் ஒன்றை மட்டும் மாட்டினால் அவ்வளவு வராது. இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கும் ஃபெண்டர் ரம்பிள் 500 காம்போவையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ஸ்பீக்கர்களோடு மட்டும் 350 வாட்ஸ்தான், வெளியே இன்னொரு கேபினெட் சேர்த்தால்தான் 500. இரண்டு 8 ஓம் கேபினெட் சேர்த்தால் 4 ஓம். ஹெட் தாங்கும் குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே மட்டும் போகாதீர்கள், எரிந்துவிடும். ஹெட்டுக்கும் கேபினெட்டுக்கும் நடுவே கிட்டார் கேபிள் போடக் கூடாது, ஸ்பீக்கர் கேபிள்தான் போட வேண்டும்.

முதல் ஆம்ப் என்றால் இந்தத் தலைவலியே வேண்டாம், காம்போ வாங்குங்கள்.

3. மிட்: நான் தடுக்கி விழுந்த இடம்

அந்த வடபழனி அறைக்கு வருவோம். பேஸ் கேட்கவில்லை என்றதும் நான் செய்தது, எல்லோரும் செய்வதுதான்: ‘பேஸ்’ என்று எழுதியிருந்த நாபை முழுதாகத் திருகினேன். அறை முழுக்க ஓர் உறுமல் கிளம்பியது. என்ன சுரம் வாசிக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கொஞ்சம் அழுத்தித் தட்டினால் ஸ்பீக்கர் ‘பர்ர்ர்’ என்று உடைந்தது. சரி, ஆம்புக்கு சக்தி போதவில்லை என்று முடிவுகட்டிவிட்டேன்.

இடைவேளையில் எங்கள் லீட் கிட்டாரிஸ்ட் எதுவும் சொல்லாமல் வந்து குனிந்தார். பேஸ் நாபை நடுவுக்கும் கீழே, பதினொரு மணி நிலைக்குக் கொண்டுவந்தார். மிட் (நடு அதிர்வெண்) நாபை மூன்று மணிக்கு ஏற்றினார். தனியாக ஒரு வரி வாசித்துப் பார்த்தேன், மூக்கால் பேசுவதுபோல் அசிங்கமாக இருந்தது. “அண்ணா, இது நல்லா இல்லையே” என்றேன். “தனியா கேக்காத தம்பி, பாட்டுல கேளு” என்றார். பாட்டு ஆரம்பித்தது. ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்டது.

காரணம் இதுதான். 60, 80 ஹெர்ட்ஸ் பகுதியில் டிரம்மரின் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) உட்கார்ந்திருக்கிறது. அறையின் எதிரொலியும் அங்கேதான் சேர்கிறது. நாமும் அதே இடத்தில் முண்டினால் மூன்றும் ஒரே குழம்பு. பேஸ் என்ன சுரம் வாசிக்கிறது என்று காதுக்குச் சொல்வது 400 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையிலான மிட் பகுதி. எண்பதுகளின் தமிழ்ப் பாடல்களில் பேஸ் ஒரு தனி மெட்டாகவே ஓடும். அந்த ஓட்டம் கேட்க வேண்டுமானால் மிட் இல்லாமல் நடக்காது.

ஆகவே ஆம்ப் தேர்ந்தெடுக்கும்போது தனியாக வாசித்து, ‘எவ்வளவு ஆழமாக இருக்கிறது’ என்று மயங்காதீர்கள். மிட் நாப் கட்டாயம் வேண்டும். லோ மிட், ஹை மிட் என்று இரண்டு இருந்தால் இன்னும் நல்லது. கடையில் யாராவது டிரம்ஸோ கீபோர்டோ வாசித்தால் கூடச் சேர்ந்து வாசித்துப் பாருங்கள். இல்லாவிட்டால் போனில் ஒரு பாட்டை ஸ்பீக்கரில் சத்தமாகப் போட்டுக்கொண்டு வாசியுங்கள். ஆம்ப் காலடியில் இருக்கும்போது அதன் மேல்பகுதி ஒலி முழங்காலோடு போய்விடும். பத்தடி தள்ளி நின்று கேட்டால்தான் உண்மை தெரியும்.

இன்னொன்று, லைட் மியூசிக் குழுக்களில் இருப்பவர்களுக்கு. கீபோர்டுக்காரர் இடது கையில் பேஸ் வரியை வாசித்துக்கொண்டிருந்தால் நீங்கள் எந்த ஆம்ப் வாங்கியும் பயனில்லை. அவரிடம் பேசி அந்தக் கையை எடுக்கச் சொல்லுங்கள், ஆம்ப் வாங்குவதற்கு முன்பே.

4. டிஐ அவுட் இருக்கிறதா?

கல்யாண ரிசப்ஷன், கல்லூரி விழா, சின்ன கஃபே எதுவானாலும் பெரும்பாலும் பெரிய ஸ்பீக்கரும் மிக்ஸரும் இருக்கும். அங்கே மக்களுக்குக் கேட்பது அந்த சிஸ்டம் வழியாக. உங்கள் ஆம்ப் உங்களுக்கும் டிரம்மருக்கும் கேட்டால் போதும். அதனால் பின்னால் டிஐ அவுட், அதாவது மிக்ஸருக்கு நேராக ஒலி அனுப்பும் எக்ஸ்எல்ஆர் அவுட் இருக்கும் ஆம்பை எடுங்கள். ரம்பிள் 25-ல் அது கிடையாது, ரம்பிள் 40-ல் உண்டு. இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே கூடுதல் பணம் கொடுக்கலாம். ப்ரீ (நாப்களுக்கு முன்), போஸ்ட் (நாப்களுக்குப் பின்) என்று சுவிட்ச் இருந்தால் ப்ரீயில் வையுங்கள். மேடையில் நீங்கள் மிட்டைத் திருகினால் சவுண்ட்காரர் வைத்த அளவு கலையாது.

5. தூக்கிப் பாருங்கள்

ரிகர்சல் அறைகள் மூன்றாவது மாடியிலேயேதான் இருக்கும்போல. ரம்பிள் 100 சுமார் 10 கிலோ, ஒரு கையில் தூக்கிக்கொண்டு படியேறலாம்.

6. செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது

என் பட்ஜெட் 30,000 ரூபாய். புதிதாக 40 வாட்ஸ் வாங்குவதைவிடப் பழைய 100 வாட்ஸ் மேல் என்று முடிவெடுத்தேன், இன்றும் அதையே சொல்வேன். பார்க்க வேண்டியவை: ஒவ்வொரு நாபையும் மெதுவாகத் திருகுங்கள். லேசான கரகரப்பு தூசி, கான்டாக்ட் கிளீனரில் போய்விடும். ஜாக்கில் செருகிய கேபிளை ஆட்டும்போது சத்தம் அறுந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

பிறகு, ஆம்பை அணைத்துவிட்டு, கிரில் கழற்ற முடிந்தால் கழற்றி, ஸ்பீக்கர் கோனின் நடு மூடியைச் சுற்றி இரண்டு கை விரல்களையும் சமமாக வைத்து மெல்ல அழுத்துங்கள். சத்தமில்லாமல் உள்ளே போய்த் திரும்ப வேண்டும். மணல் உரசுவதுபோல் ‘சர்ர்’ என்று கேட்டால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) உரசுகிறது, அந்த ஆம்பை விட்டுவிடுங்கள். கடைசியாக ஈ கம்பியைக் கச்சேரி அளவு சத்தத்தில் ஐந்து நிமிடம் வாசியுங்கள். கைப்பிடியோ ஸ்க்ரூவோ அதிர்ந்தால் இறுக்கிக்கொள்ளலாம். சத்தமே உடைந்தால் வேண்டாம்.

நான் கடைசியில் எடுத்தது 12 அங்குலம், 100 வாட்ஸ் காம்போ. ரம்பிள் 100-ம், ஆம்பெக் ராக்கெட் பேஸ் வரிசையின் ஆர்பி-112-ம் இதே அளவுதான், இரண்டையும் வாசித்துப் பார்த்து முடிவெடுங்கள்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துவிட்டு ஒருவர், அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த ஆம்பைப் போட்டதும் ஃபியூஸ் போனதாக எழுதியிருந்தார். பின்பக்கம் 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகவே கூடாது, ஆம்பின் வாட்ஸுக்குத் தகுந்த ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 230-க்கு மாற்றும் சுவிட்ச் சிலவற்றில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு பேர் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலைப் பற்றிக் கேட்டார்கள். ஒருவர் பிளக்கின் எர்த் பின்னையே வெட்டிவிட்டாராம். தயவுசெய்து செய்யாதீர்கள். எர்த் இல்லாத ஆம்பில் கோளாறு வந்தால் கம்பியைத் தொட்டுக்கொண்டு மைக்கில் உதடு வைத்தவுடன் ஷாக் அடிக்கும், உயிரே போகலாம். மிக்ஸருக்குப் போகும் வழியில் இரைச்சல் வந்தால் டிஐயில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் (அந்த ஒலிக் கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும்) சுவிட்சை அழுத்துங்கள், அதற்குத்தான் அது இருக்கிறது. நான் இப்போது எந்த மண்டபத்துக்குப் போனாலும் ஆம்ப் செருகுவதற்கு முன் சாக்கெட் டெஸ்டரைச் செருகி எர்த் விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறேன். எரியாவிட்டால் எலக்ட்ரீஷியன் வரும்வரை கிட்டாரைப் பையிலிருந்து எடுப்பதில்லை.